பதினோரு தலையாட்டிகளும் ஐந்து சாஸ்திரங்களும்

மார்ச் 3, செவ்வாய்

இன்று தொடங்கி நான் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. இதை முதலிலேயே சத்தியம் செய்து சொல்லிவிடுகிறேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை, பிறத்தியாரைச் சொல்லி என்ன பயன்? ஐம்பத்தைந்து வயதில், முழங்கால்கள் இரண்டும் தனித்தனியாக ராஜினாமா கொடுத்துவிட்ட நிலையில், என்னை மறுபடியும் வகுப்பில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

நான் யார்? நீரேற்று நிலையத்தின் கட்டுப்பாட்டு அறைச் சக்கரவர்த்தி. நான் ஒரு தும்மல் தும்மினால் பாதி ஊர் குளிக்காது. அப்படிப்பட்டவனின் சுவரிலிருந்து முள் ஆடும் கேஜ்களை எல்லாம் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சுவர் முழுக்க வட்ட வட்டமாக வெளுத்த தடம். நடுவில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் திரை.

ஐம்பது தாண்டியவர்கள் எல்லாரும் பயிற்சிக்குப் போக வேண்டும். மாதக் கடைசியில் தேர்வு. தேறாதவர்களுக்கு மேல் நீர்த்தேக்கத்துக்கு மாற்றல். அங்கே போனால் அங்கேயே தங்கல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டு முகம் பார்க்கலாம்.

வீட்டில் அக்கா. போன வருஷம் இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து காலையில் அவளைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பது என் வேலை. சாயங்காலம் திரும்பத் தூக்கிக் கட்டிலில் விடுவதும் நான்தான். மலையைத் தூக்கினாலும் இவ்வளவு மூச்சு வாங்காது என்பேன். “வாயைக் கொஞ்சம் இறக்கி வச்சுட்டுத் தூக்குடா, கனம் குறையும்” என்பாள்.

நான் மேலே போய்விட்டால் தூக்குவதற்கு இருப்பது அக்கா மகள் மட்டும்தான். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். இன்னும் டாக்டர் ஆகவில்லை, ஆனாலும் நான் இப்போதே டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறேன். நான் போனால் படிப்பை விட்டுவிட்டு வீட்டில் உட்காருவாள். வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். செய்துவிடுவாள். அத்தான் இறந்தபோது ஒரு வருஷம் அப்படித்தான் செய்தாள்.

ஆக, நான் தேறியாக வேண்டும். கொட்டாவி கொட்டாவியாக வருகிறது.

மார்ச் 5, வியாழன்

கொட்டாவி என்றதும் நினைவு வருகிறது. அது என் நண்பனின் பட்டப்பெயரும்கூட. அவன் வாய் திறந்தால் பம்பு ஹவுஸ் காற்று முழுவதும் உள்ளே போய்விடும், நாங்கள் மூச்சுக்குத் தவிப்போம்.

இன்று காலை அவன் பொழுது போகாமல், மூன்றாம் நம்பர் பம்பு ஏன் முனகுகிறது என்று சூப்பர்வைசரிடம் கேட்டுத் தொலைத்தான். நல்லாக் கேட்டப்பா, நீயே கொஞ்சம் பார்த்துடு என்றார் அவர். மதியம் வரை பம்புக்கு அடியில் கிடந்தான். தலை முதல் கால் வரை கிரீஸ். அவனைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பில் ஒரு வால்வு தானாகத் திறந்துகொண்டது.

பிற்பகல் வகுப்பு. பழைய ஸ்டோர் ரூமில் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். பதினோரு பேர். சொல்லிக்கொடுக்க வந்திருக்கும் அம்மா பொறுமைசாலி. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுப் புரிந்ததா என்று கேட்கிறார். பதினோரு தலையும் ஒன்றாக ஆடும். அந்தக் காற்றில் ஃபேனை நிறுத்திவிடலாம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

மாதிரித் தேர்வு. பதினோரு பேரும் தோல்வி. அதிலும் ஒரே கேள்வியில், ஒரே மாதிரி.

கேள்வி இது: தொட்டியின் நீர்மட்டம் திரையில் நெடுநேரமாக ஒரே எண்ணைக் காட்டுகிறது. எண் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. என்ன செய்வீர்கள்?

ஒன்றும் செய்ய வேண்டாம், மட்டம் சீராக உள்ளது என்று எல்லாரும் எழுதியிருந்தோம். கொட்டாவி மட்டும் கூடுதலாக ‘நன்றி’ என்று எழுதியிருக்கிறான்.

எங்களைக் குறை சொல்ல முடியாது. கேஜில் முள் ஆடாமல் நின்றால் அதைவிடப் பெரிய நிம்மதி எங்கள் தொழிலில் கிடையாது. முள் நின்றபிறகுதான் டீ குடிக்கவே போவோம். ஆனால் திரையில் எண் சாம்பலானால் தொட்டிக்கும் திரைக்கும் இருந்த இணைப்பு அறுந்துவிட்டது என்று அர்த்தமாம். அது பழைய எண். உண்மையில் தொட்டி வழிந்துகொண்டிருக்கலாம். “எல்லாரும் சேர்ந்து ஒரு தெருவையே மிதக்க விட்டுட்டீங்க” என்றார் அந்த அம்மா.

பிறகு, புரிஞ்சுதா என்றார். ஆட்டினோம்.

லைன் அறுந்தால் முள் பூஜ்யத்துக்கு விழும். முப்பது வருஷமாக விழுந்தது. இந்த எண் மட்டும் எப்படி அந்தரத்தில் நிற்கிறது? யாரைப் போய்க் கேட்பது?

மார்ச் 11, புதன்

டாக்டரம்மா காதில் விஷயத்தைப் போட்டேன். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால், முகம் சரவிளக்கு மாதிரி ஆகிவிட்டது. பெரியவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பதைப் பற்றிய கோட்பாடுகளை எந்தெந்தத் துறை எப்படி வளர்த்தது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சியே. கூட்டமாகத் தோற்ற பதினோரு பெரியவர்கள் அவளுக்குப் புதையல்.

அக்காவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே விளக்கினாள். எனக்கு விளங்கியதை எழுதிவைக்கிறேன். இந்தக் கோட்பாடு என்கிற பெண்ணுக்குச் சொந்த வீடு கிடையாது. ஊரெல்லாம் வளர்ந்தவள். உளவியல் முதலில் தூக்கி வைத்துக்கொண்டு, வயதானவன் எவ்வளவு சீக்கிரம் மறக்கிறான் என்று அளந்தது. அப்புறம் அதே உளவியல் மனம் மாறி, பெரியவனுக்கு எது வேண்டும் என்று அவனே முடிவு செய்வான், விடுங்கள் என்றது. தத்துவம் வந்து, அனுபவம் மட்டும் போதாது, அதைத் திருப்பிப் பார்த்தால்தான் படிப்பு என்றது. சமூகவியல் குறுக்கே புகுந்து, யார் சொல்லி இவன் படிக்கிறான், படித்தால் லாபம் யாருக்கு என்று சண்டை போட்டது. மூளையை வெட்டிப் பார்ப்பவர்கள் ஒரு பங்கு கேட்டார்கள். மானிடவியல் மட்டும் ஓரமாக உட்கார்ந்து, வேலை செய்பவர்கள் நடுவில் இருந்தாலே ஆள் கற்றுக்கொள்வான் என்றதாம். இப்போது கல்யாணப் பந்தலில் எல்லாருமே நான்தான் தாய்மாமன் என்று நிற்கிறார்கள்.

உண்மையான தாய்மாமன் நான் இங்கே முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

உடனே போன் போட்டுப் பேசிய அவளுடைய பேராசிரியரின் யோசனைப்படி, துறைக்கு ஒருவராக எங்கள் வகுப்பைப் பார்க்க வருகிறார்களாம். நிலையத்தில் அனுமதியும் வாங்கிவிடுவாளாம்.

மார்ச் 14, சனி

உளவியல்காரர் வந்தார். குரல் பஞ்சு மாதிரி. ஒவ்வொருவராகத் தனியே உட்கார வைத்து, சின்ன வயதில் வகுப்பில் என்ன நடந்தது என்று கேட்டார்.

என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. உட்கார்ந்திருந்தேன், எழுந்து வந்தேன். இதைச் சொன்னால் மனுஷன் ஏமாந்து போவாரே என்று இரக்கப்பட்டேன். ஆகவே, ஒருநாள் நான் கேள்வி கேட்டதற்காக வாத்தியார் என்னைப் பள்ளிக்கூட மணியின் நாக்கில் கட்டிவிட்டார், அன்று முழுவதும் மணிக்கொருதரம் என்னைத்தான் அடித்தார்கள், நாலு ஊருக்குக் கேட்டது என்று சொன்னேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. எழுதிக்கொண்டார்.

நாக்கில் என்று சொன்னது கொஞ்சம் அதிகப்படியோ?

மார்ச் 17, செவ்வாய்

சமூகவியல்காரர். இவருக்குக் குரல் இரும்பு. முன் பெஞ்சில் யார், பின் பெஞ்சில் யார் என்று படம் வரைந்தார். சூப்பர்வைசர் ஏன் கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டார். யாரும் தூங்காமல் பார்த்துக்கொள்ள என்றோம். அப்போ அவர் எதுக்குத் தூங்குறார் என்றார்.

இவருக்கும் ஒரு கதை கொடுத்தேன். கொட்டாவி விட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள், என் நண்பன் அந்தக் கணக்கில் இதுவரை ஒரு வீட்டையே இழந்திருக்கிறான் என்று. இவர் எழுதவில்லை, ஆனால் சூப்பர்வைசரை வெளியே அனுப்பிவிட்டார். அன்றைக்கு வகுப்பில் முதுகு கொஞ்சம் லேசாக இருந்தது. அது நிஜம்.

மார்ச் 18, புதன்

தத்துவப் பேராசிரியர் வந்து, கற்றல் என்றால் என்ன என்று கேட்டார். அவரே பதில் யோசித்து முடிப்பதற்குள் ஷிப்ட் முடிந்துவிட்டது.

மார்ச் 19, வியாழன்

மூளை டாக்டர். வயதான மூளையும் கற்கும், தூக்கம் மட்டும் குறையக்கூடாது என்றார். மருத்துவ ஆலோசனையை உடனே நிறைவேற்றினேன். எழுப்பியபோது வகுப்பு காலி.

மார்ச் 21, சனி

மானிடவியல் அம்மா வேறு மாதிரி. வகுப்புக்கே வரவில்லை. நாலு நாளாகப் பம்பு ஹவுஸில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எங்களோடு டீ குடிக்கிறார், எங்களுடைய சண்டையைக் கேட்கிறார், எண்ணெய் டப்பாவை எடுத்துக் கொடுக்கிறார்.

மணிக் கதையை அவரிடமும் அவிழ்த்தேன். இந்தத் தடவை இடியும் மின்னலும் சேர்த்தேன். நல்லாச் சிரித்தார். நல்லா இருக்குங்க, இன்னொண்ணு சொல்லுங்க என்றார். ஒரு வரி எழுதவில்லை. எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

தேர்வுக்குப் பத்து நாள். படிக்க உட்கார்ந்தால் எழுத்து எறும்பாக ஊர்கிறது.

மார்ச் 24, செவ்வாய்

இன்று நடந்ததில் அளப்பு எதுவும் சேர்க்கத் தெம்பு இல்லை.

டாக்டரம்மா ஓடி வந்தாள். உளவியல்காரர் அவளுடைய பேராசிரியரிடம் சொல்லி, என் மணிக் கதை பெரிய இடத்துக்குப் போய்விட்டதாம். கேள்வி கேட்ட குழந்தைக்குக் கிடைத்த தண்டனை, ஐம்பது வயதிலும் வாயை அடைக்கிறது என்று இவள் தன் ஆராய்ச்சியில் ஒரு அத்தியாயமே எழுதிவிட்டாள். வெள்ளிக்கிழமை துறையில் எல்லார் முன்னாலும் வாசிக்கப்போகிறாள். ஏன் மாமா என்கிட்ட இத்தனை வருஷமாச் சொல்லல என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர்.

நான் விழித்தேன். அக்கா நாற்காலியில் இருந்தபடியே பேப்பரை மடித்தாள்.

“எந்தப் பள்ளிக்கூடத்துலடா மணி இருந்துச்சு? நம்ம பள்ளிக்கூடத்துல தண்டவாளத் துண்டைத்தானே தொங்க விட்டிருந்தாங்க. அதுக்கு நாக்கு ஏது?”

அக்காவுக்கு நான் என்னென்ன சொல்லி மாட்டியிருக்கிறேன் என்று தெரியாது. வெறும் ஞாபகசக்தியைத்தான் காட்டினாள். டாக்டரம்மா என்னையே பார்த்தாள். நான் சிரித்தேன் — அதுதான் தப்பு. சிரித்திருக்கக் கூடாது.

“என்கிட்ட விளையாடுங்க மாமா, நான் ஒண்ணும் சொல்லல. என் வேலையில விளையாடாதீங்க.”

கதவைக்கூட அறையவில்லை. மெதுவாகச் சாத்திக்கொண்டாள். அறைஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ஏன்டா இப்படி வாயைத் திறக்கிறே? ஒருத்தன் கேட்டா ‘ஒண்ணுமில்ல’ன்னு ஒரு வார்த்தை சொல்ல வராதா உனக்கு?

மார்ச் 25, புதன்

அக்காவைத் தூக்கும்போது டாக்டரம்மா மறுபக்கம் வந்து பிடித்தாள். அக்கா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நான் என்ன மூட்டையா என்றாள். அதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் 27, வெள்ளி

வாசிப்பைத் தள்ளிவைத்துவிட்டாளாம். பேராசிரியரிடம், கதை சரிபார்க்கப்படவில்லை என்று அவளே போய்ச் சொல்லியிருக்கிறாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

ஷிப்ட் முடிந்து வந்தபோது சமையலறை மேஜையில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் போய் எதிரில் உட்கார்ந்தேன். தப்புதான் என்றேன். தலையசைத்தாள். ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளி, மானிடவியல் அம்மா பம்பு ஹவுஸில் பார்த்ததைச் சொன்னாள்.

அந்த அம்மா நாலு நாளும் எண்ணிக்கொண்டிருந்தது வேறொன்றுமில்லை. எங்களில் யாராவது வாய் திறந்து எதையாவது கேட்டால் அடுத்து என்ன நடக்கிறது என்பதைத்தான். வால்வுச் சாவி எங்கே என்று கேட்டவன் வால்வை மாற்றிக்கொண்டிருந்தான். விளக்கு ஏன் மினுக்குகிறது என்று கேட்டவன் ஏணியில் ஏறினான். கேட்டவன் தலையில்தான் வேலை விழுகிறது. ஆகவே எங்கள் நிலையத்தில் யாரும் எதையும் கேட்பதில்லை. தெரிந்த மாதிரியே இருப்போம். அதே பதினோரு பேரைக் கொண்டுபோய் வகுப்பில் உட்கார வைத்தால்?

கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடியவன் மாதிரி ஆனேன். முப்பது வருஷம் அந்த வழக்கத்துக்குள்ளேயே இருந்திருக்கிறேன். ஒருநாளாவது தோன்றியதா?

அப்படியானால் மற்ற நாலு பேரும் வீணா என்று கேட்டேன். இல்லையாம். உள்ளே பயம் இருப்பதை உளவியல் பார்த்தது. அந்தப் பயத்துக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரைச் சமூகவியல் பார்த்தது. தூக்கமில்லாத மூளையும் நிஜம். தத்துவம் சொன்ன மாதிரி, பழைய அனுபவத்தைத் திருப்பிப் பார்க்காமல் திரையையும் கேஜ் மாதிரியே படித்ததும் நிஜம். “ஒரு துறையை மட்டும் கேட்டா அந்தத் துறைக்குத் தெரிஞ்சது மட்டும்தான் தெரியும், மாமா. என்னோட ஆராய்ச்சியே அதுதான். நானே மறந்துட்டு உங்க மணி பின்னாடி ஓடிட்டேன்.”

பிறகு காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக:

“தெரியாதுன்னு சொல்ல வேண்டிய இடத்துல எல்லாம் நீங்க ஒரு கதை சொல்றீங்க. மத்தவங்க தலையாட்டுறாங்க. உங்களுக்குத் தலையாட்டிட்டு விட மனசு வராது, அவ்வளவுதான் வித்தியாசம்.”

பதில் சொல்ல ஒரு கதை கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. எழுந்து அவளுக்கு டீ போட்டேன். சர்க்கரை மறந்துவிட்டேன். அப்படியே குடித்தாள்.

மார்ச் 28, சனி

கடைசி வகுப்பு. வரலாற்றாசிரியர்கள் குறித்துக்கொள்ளட்டும்: சொல்லிக்கொடுக்கும் அம்மா புரிந்ததா என்றபோது பத்துத் தலைகள் ஆடின. ஒரு கை எழுந்தது. அந்தக் கை எழுந்த வேகத்தில் கூரை இரண்டங்குலம் உயர்ந்தது, வெளியே பறவைகள் திசை மாறின, பூமி சுற்றுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தது.

லைன் அறுந்தா முள் கீழே விழுமே, இது ஏன் விழல என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் கேட்கச் சொன்னார். திரும்பவும் கேட்டேன்.

முள்ளுக்கு ஞாபகம் கிடையாது, திரைக்கு உண்டு என்றார் அந்த அம்மா. கடைசியாக வந்த சேதியை அது அப்படியே வைத்துக்கொண்டிருக்கும், புதுச் சேதி வரவில்லை என்று சொல்லத்தான் சாம்பலாக மாறும். அவ்வளவுதானா? இதற்காகவா இத்தனை நாள்? சரி, அப்படியென்றால் எவ்வளவு நேரமாகப் பழசு என்று எப்படித் தெரியும் என்றேன். அவர் யோசித்துவிட்டு, அது எனக்கும் தெரியல, கேட்டுச் சொல்றேன் என்றார்.

எனக்கும் தெரியல. அதைச் சொல்லிவிட்டு அந்த அம்மா சாதாரணமாக அடுத்த பக்கத்தைத் திருப்பினார். ஒன்றும் ஆகவில்லை. யாரும் அவரைப் பம்புக்கு அடியில் அனுப்பவில்லை.

பின் பெஞ்சிலிருந்து இன்னொருவர் எதையோ கேட்டார். பிறகு இன்னொருவர். வகுப்பு முடியும்போது அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, நாளைக்கு ஷிப்டில் மற்றவர்களுக்கும் இந்தச் சாம்பல் எண்ணை ஒருதடவை விளக்கிவிடுங்கள் என்றார்.

கொட்டாவி என் தோளில் கை போட்டான். “விழுந்துச்சா வேலை?”

மார்ச் 31, செவ்வாய்

தேர்வு முடிந்தது. கை வலி, கண் வலி, பேனா வலி.

ஏப்ரல் 4, சனி

டாக்டரம்மா அத்தியாயத்தைத் திருத்தி எழுதுகிறாள். நான் அதில் இருக்கிறேனாம், பெயர் இல்லாமல். என்னவாக என்று கேட்டேன். ‘ஒரு பங்கேற்பாளர், கற்பனை வளம் மிக்கவர்.’ இவ்வளவு கருமியான பாராட்டை நான் கேட்டதில்லை.

ஏப்ரல் 8, புதன்

முடிவு வந்தது. கொட்டாவி தேறவில்லை. மேல் நீர்த்தேக்கம். பெட்டி கட்ட நான் போயிருந்தேன். அங்கே காத்து நல்லா இருக்கும், நிம்மதியா வாயைத் திறக்கலாம் என்றான். அவன் மனைவி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்தாள். நானும் ஏதோ ஒரு கதை சொல்ல வாயெடுத்தேன், பிறகு மூடிக்கொண்டேன். பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். அவன் பூட்டினான்.

ஏப்ரல் 13, திங்கள்

அக்கா முடிவைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். அவளுக்காகச் சொன்ன அதிகாரபூர்வ அறிக்கையை இங்கேயும் பதிவு செய்கிறேன். என் விடைத்தாளைத் திருத்தியவர் முதல் பக்கத்திலேயே எழுந்து நின்றுவிட்டார். இரண்டாம் பக்கத்தில் தன் பேனாவை என் காலடியில் வைக்க ஆள் அனுப்பினார். ஐந்து சாஸ்திரத்து மேதைகளும் வாசலில் வரிசையில் நின்று, இவர் மூளையை எங்கள் துறைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று ஏலம் கேட்டார்கள். நான் யாருக்கும் இல்லை, தண்ணீருக்கே சொந்தம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அக்கா, சரிடா, போதும்டா என்றாள். இரண்டு மதிப்பெண்ணில் தப்பித்தேன் என்று டாக்டரம்மா அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். மேலே சொன்னதில் பேனா பொய், மேதைகள் பொய், ஏலம் பொய். ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை. இன்று காலை அக்காவைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தேன். டாக்டரம்மா பையை மாட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனாள். நான் ஷிப்டுக்கு வந்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போவேன்.